கிணற்றடி உரிமை

பழையசீவரத்தில் ஒரு கப்பல் விற்பனைக்கு வந்திருக்கிறது என்று தரகர் பாய் போனில் சொன்னார். பாதி சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

கப்பல் என்றால் வீடுதான். மலேசியாவில் துறைமுக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டியது. முன்பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். ஜன்னல் எல்லாம் வட்டம். மொட்டை மாடியில் இரும்புக் குழாய்க் கைப்பிடி, நடுவில் சுற்றிவிட்டால் சுற்றுகிற ஒரு மரச் சக்கரம்கூட இருந்தது. பாலாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்தக் கப்பல். ஆற்றில் மணலும் நாணலும்தான். இரண்டு எருமைகள் குறுக்கே நடந்து போய்க்கொண்டிருந்தன.

"சூப்பர் பாய்!" என்று கத்திவிட்டேன். சக்கரத்தை ஒரு சுற்றும் சுற்றினேன்.

கூட நின்றிருந்த வீட்டுக்காரரின் மகன் முகம் உடனே மலர்ந்தது. அதுவரை எவ்வளவு கொடுத்தாலும் தள்ளிவிடலாம் என்கிற தோரணையில் இருந்தவர், "கேக்கறவங்க நெறையப் பேர் கீறாங்க, நாங்கதான் யோசிச்சிக்கினு கீறோம்" என்று ஆரம்பித்தார்.

தெருமுனை திரும்பியதும் பாய் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். "ஏம்மா, நீ வூடு பாக்க வந்தியா, பொருட்காட்சி பாக்க வந்தியா?"

"நல்லாத்தான பாய் இருக்கு?"

"வட்ட ஜன்னலுக்குக் கொசுவல எங்க வாங்குவ? மூக்கு மாதிரி கட்டி வச்சிக் கீறான், அந்த மூலையில ஒரு பீரோ நிக்குமா? நீயே சொல்லு. இத்தெல்லாம் அவன் காதுல வுழற மாதிரி சொல்லணும். நீ இன்னாடான்னா சக்கரம் சுத்தற."

பாய்க்கு உத்திரமேரூர் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. கடையைத் தம்பி பார்த்துக்கொள்வார். இவர் வீடு, மனை என்று தரகு பார்க்கிறவர். யாருமே வாங்காத வீடுகளாகப் பார்த்து அவரிடம்தான் வந்து சேரும். எனக்கு வேண்டியதும் அவைதான். சதுரமாக, வெள்ளையடித்து, முன்னால் கார் நிறுத்த இடம் விட்ட வீட்டைக் காட்டினால் எனக்குக் கொட்டாவி வரும்.

இதில் என்ன பைத்தியம் என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருளில் பிழை கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. ஆபீசுக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னவர்கள் பிறகு கூப்பிடவே இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் மகனோடு போய் இருக்கிறோம் என்று பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் போய்ச் சேர்ந்தாள். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார்.

அப்பாவும் அம்மாவும் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். அதனால் எங்கள் வீட்டுக்குச் சொந்தம் என்று யாரும் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள், "ஊர்லேர்ந்து ஆளுங்க வந்துட்டாங்க, ராத்திரி தூங்கவே எடமில்ல" என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சலிப்பு மேல் அவ்வளவு ஆசை. எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று தனியாக ஒரு டம்ளர்கூட இருந்ததில்லை. மூன்று பேர், மூன்று டம்ளர். பிறகு இரண்டு. பிறகு நான் கம்பெனி கொடுத்த கப்பிலேயே எல்லாவற்றையும் குடிக்க ஆரம்பித்தேன்.

சிநேகிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் போன் பண்ணுவதற்கு முன்னால்கூட "ஃப்ரீயா?" என்று ஒரு மெசேஜ் வரும். நானும் அப்படித்தான் அனுப்புவேன். அதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது. ஒருமுறை காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். நான் போவதற்குள் பார்சல் கொண்டு வந்தவர், "வாசல்லயே வச்சிட்டேன் மேடம்" என்று பாதிப் படி இறங்கியிருந்தார். அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. எனக்கு வேண்டியது சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்ட உரிமை உள்ள மனிதர்கள். அதை எந்த ஆப்பிலும் ஃபில்டர் போட்டுத் தேட முடியாது. வீடு தேட முடியும். அதனால் வீடு தேடினேன்.

வீடு பார்ப்பதில் இன்னொரு சுகமும் உண்டு. முன்பின் தெரியாத ஒருத்தர் உங்களைத் தன் சமையலறை வரைக்கும் கூட்டிப் போவார். எந்தக் குழாயில் தண்ணீர் சொட்டும், எந்தச் சுவர் மழைக்கு ஊறும், தாத்தா எந்த மூலையில் கட்டில் போட்டிருந்தார் என்று எல்லாம் சொல்வார். பத்து நிமிஷப் பழக்கத்தில் வேறு யார் இவ்வளவு பேசுவார்கள்? பேசி முடித்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "கல்யாணம் ஆவலியா? அப்ப வூடு இன்னாத்துக்கு?" அதற்கும் எனக்கு வருத்தமில்லை. கேட்கிறார்களே.

பாயோடு சேர்ந்து எத்தனையோ பார்த்தேன். மூடிப்போன ரைஸ் மில் ஒன்றை வீடாக மாற்றியிருந்தார்கள். கூடம் விளையாட்டு மைதானம் மாதிரி இருந்தது. ஆனால் சுவரெல்லாம் தவிட்டு வாசனை, எலிகளுக்கு இன்னும் மில் மூடின செய்தி எட்டவில்லை. டூரிங் கொட்டாய் நடந்த காலத்தில் படம் ஓட்டிய அறையை நீட்டிக் கட்டிய ஒரு வீடு. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது, சுவரில் இரண்டு சதுர ஓட்டைகள்தான். ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தால், திரை இருந்த இடத்தில் இப்போது கரும்பு நிற்கிறது. தெரு இரண்டாகப் பிரிகிற முனையில் முக்கோணமாக ஒரு வீடு. அதில் சமையலறை கூர்முனையில். ஒரு காஸ் சிலிண்டர் நிற்கும், பக்கத்தில் ஒல்லியான ஒருத்தர் நிற்கலாம்.

எனக்கு எல்லாமே பிடித்தது. பிடித்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வீடாகக் கைநழுவிப் போயிற்று. நடுநடுவே நானே வேண்டாம் என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துப் படுத்தால், அந்த ரைஸ் மில் கூடத்தில் தனியாக நடுவில் படுத்திருப்பது மாதிரி தோன்றும். எலி, தவிடு எல்லாம் சமாளிக்கலாம். அந்த ஒரு குறையைத்தான் எதைப் போட்டு அடைப்பது என்று தெரியவில்லை.

பாய் கடைசியில் எனக்குப் பாடமே எடுத்தார். கடை வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, "தோ பாரு, மூஞ்ச இப்டி வச்சிக்க" என்று தன் முகத்தைத் தொங்கப் போட்டுக் காட்டினார். "மோர் புளிச்சிப் போச்சின்னா எப்டி குடிப்ப, அந்த மாதிரி. வூட்டுக்காரன் இன்னா சொன்னாலும் வாயத் தொறக்காத. 'உம்'மு. அவ்ளோதான். மீதிய நான் பாத்துக்கறேன்."

பாயின் தம்பி உள்ளேயிருந்து, "அந்தப் பொண்ணால முடியாதுண்ணா. அதுக்குச் சிரிப்பு தானா வருது" என்றார்.

"வரும், வரும். ஜோக்க நெனச்சா சிரிப்பு வருதில்ல? அப்போ பேங்க் லோன நெனச்சிக்க."

மானாம்பதி வீட்டைப் பார்த்தது அதற்கப்புறம்தான். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போய், நெல் வயலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லை, சாதாரண ஓட்டு வீடு. கதவைத் திறந்து நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டேன். வீட்டுக்கு நட்ட நடுவில், வானம் தெரிகிற முற்றத்தில், கிணறு. எல்லா அறைக் கதவும் கிணற்றைப் பார்த்துத் திறக்கின்றன. படுக்கையிலிருந்து எழுந்தால் கிணறு, சமைத்துக்கொண்டே திரும்பினால் கிணறு. முதலில் கிணறுதான் இருந்ததாம். கோடையிலும் வற்றாத தண்ணீர் என்பதால் அதை விட மனசில்லாமல் சுற்றி வீட்டைக் கட்டிக்கொண்டார்களாம்.

பாய் என் காதில், "நடு வூட்ல கெணறு. வாஸ்து பாக்கறவன் வாசப்படி மிதிக்க மாட்டான். கவலையே படாத" என்றார்.

வீட்டைக் காட்டியது அந்தக் குடும்பத்து மூத்த மருமகள். ஐம்பது வயசிருக்கும். நல்ல ஆகிருதி, கணீரென்ற குரல். நான் பார்த்ததும் பெரிம்மா என்று கூப்பிட்டுவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. அண்ணன் தம்பி மூன்று பேர். விவசாயத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பெரிம்மாவும் வீட்டுக்காரரும் ராஜகுளத்தில் புது வீடு கட்டிப் போயிருந்தார்கள்.

"பாப்பா, முன்னாடியே சொல்லிடறேன். அப்பறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது" என்று பெரிம்மா கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார். "எங்க மூணு வூட்லயும் எப்போ கல்யாணம் வந்தாலும் நாங்க இங்க வருவோம். எங்க பூவாடக்காரி இந்தக் கெணத்துலதான் கீறா. இங்க வந்து அழைச்சி, கூடத்துல படையல் போட்டுட்டுதான் பந்தக்காலே நடுவோம். வூட்ட யாரு வாங்கனாலும் அந்த உரிம எங்களுக்கு வோணும்."

பூவாடைக்காரி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவள்தான். எப்போதோ ஒரு தலைமுறையில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன அந்த வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் தண்ணீரிலிருந்து குடத்தில் அழைத்து வந்து, புதுப் புடவை வைத்து, பம்பை உடுக்கை அடித்து, வந்து வாழ்த்திவிட்டுப் போ என்று கேட்பார்கள். எல்லோர் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டில்தான் கிடையாது. அழைப்பதற்கும் ஆளில்லை, கூட நின்று கேட்பதற்கும் ஆளில்லை.

"எத்தினி பேரு வருவீங்க?" என்றார் பாய், வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி.

"பங்காளிங்க எல்லாம் சேந்தா நாப்பது அம்பது பேரு வருவோம். பம்பக்காரங்க தனி."

"அம்பது பேரா! காலையில வந்துட்டுச் சாயந்தரம் போயிடுவீங்களா?"

"அது எப்டி? மொத நாளே பொம்பளைங்க வந்தாத்தான மாவு அரைக்கறது, கொழுக்கட்ட புடிக்கறது எல்லாம் ஆவும்? பசங்க வேற லீவுன்னா நாலு நாளு இங்கியே சுத்திக்கினு கெடக்கும்."

பெரிம்மாவுக்குக் கல்யாணத்துக்கு ஒரு மகன் பாக்கி, நடுக் கொழுந்தனாருக்கு இரண்டு பெண்கள், சின்னவருக்கு இனிமேல்தான் எல்லாமே. மனசுக்குள் கல்யாணங்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். இந்தக் கூடத்தில் இவர்கள் எல்லோரும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். யாராவது ஒரு குழந்தை நடுராத்திரியில் என் மேல் காலைத் தூக்கிப் போடும். யாரிடமும் கேட்டுக்கொண்டு வர வேண்டாம், அவர்களுக்கு உரிமை இருக்கிறது. இந்த வீடு வேண்டும். கிணற்றுக்காக இல்லை, இவர்களுக்காக வேண்டும்.

பாய் என் முழங்கையை இடித்தார். நான் முகத்தைத் தொங்கப் போட்டேன். பேங்க் லோனை நினைத்தேன், போதவில்லை. ஒரு பல் பிடுங்கின அனுபவத்தை நினைத்துக்கொண்டேன். அது நன்றாகவே வேலை செய்தது.

"இன்னா பாப்பா?" என்றார் பெரிம்மா.

"உம்" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் இத்தக் கேட்டுதான் ஓடிப் போயிட்டாங்க" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொல்லிவிட்டு, எங்களுக்கு மோர் கலக்கப் போனார்.

திரும்பி வரும்போது பாய் குஷியில் பாட்டு முணுமுணுத்தார். "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான். சினிமாக்காரி தோத்தா போ."

"பாய், அவங்க வர்றது எனக்குப் பரவாயில்ல."

"இன்னா பரவால்ல?"

"அந்த அம்பது பேர் வர்றது. எனக்குக் கஷ்டமே இல்ல."

"அத்த மனசுலயே வச்சிக்க தாயி, வெளிய வுட்டுடாத! நம்ம கையில கீற ஆயுதமே அது ஒண்ணுதான். நீ பரவால்லன்னுட்டா நான் இன்னாத்த வச்சிப் பேசறது?"

இன்னும் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஸ்கூட்டர் சத்தத்தில் கத்திச் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. விலையைத்தானே பேசப்போகிறார், பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் தரையில் நிற்கவில்லை. காஞ்சிபுரம் போய் ஒரு பெரிய ஜமுக்காளம் வாங்கினேன். விரித்தால் என் மாடிப் போர்ஷனில் கட்டிலைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. பாயின் கடையிலேயே ஒரு பெரிய அண்டாவுக்குச் சொல்லி வைத்தேன். "ஒத்த ஆளுக்கு அண்டா எதுக்குமா? குளிக்கவா?" என்று பாயின் தம்பி கேட்டார். லேப்டாப்பில் பிழை தேடிக்கொண்டிருக்கும்போதே, பெண்கள் எந்த அறையில் துணி மாற்றுவார்கள், பம்பைக்காரர்களை எங்கே உட்கார வைப்பது, கிணற்றுக்குக் குழந்தைகள் போகாமல் வலை போடலாமா என்று யோசனை ஓடும். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விருந்தாளிகளைப் பற்றிய சலிப்புகூட லேசாக வந்தது. ஐம்பது பேருக்கு ஒரே ஒரு பாத்ரூம்தானே இருக்கிறது என்று முணுமுணுத்தேன். அப்படி முணுமுணுத்ததும் சிரித்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் பாய் போன் செய்தார். "மா, சொன்னா நம்ப மாட்ட. முடிச்சிட்டேன்!"

"விலையா?"

"வெல கெடக்குது. அந்தத் தொல்லையவே முடிச்சிட்டேன். இனிமே ஒருத்தரும் வரமாட்டாங்க. பூவாடக்காரிய ராஜகுளத்துக்கே கூட்டிக்கினு போறாங்களாம். பத்திரத்துல அந்தப் பேச்சே வராது. கிளீன்!"

லேப்டாப்பை மூடினேன்.

"இன்னாமா, சந்தோஷத்துல பேச்சே வரலியா?"

ஆட்டோ பிடித்து நேராக மானாம்பதி போனேன். பெரிம்மா வந்திருந்தார். பின்பக்கம் விறகையும் பழைய சாமானையும் ஒழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா பாப்பா, பாய் சொன்னாரா?" என்றார்.

"பெரிம்மா, நீங்க எப்பவும் போல வரலாம். எனக்குக் கஷ்டமே இல்ல."

"நல்ல பொண்ணு நீ." என் கன்னத்தைத் தடவினார். கையில் விறகுத் தூசி. "ஒம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நானே முடிவு பண்ணேன். பாய் வந்து என்னென்னமோ பேசனாரு, அத்த வுடு. அன்னைக்கு நான் சொல்லச் சொல்ல ஒம் மூஞ்சி சுருங்கிப் போச்சி. வயசுப் பொண்ணு, அப்பன் ஆயி இல்ல. நாளைக்கு ஒருத்தன் வந்து ஒன்னக் கட்டிக்குவான், அவன் எப்டியோ. ஒனக்கு எதுக்கு எங்க பேஜாரு?"

"பேஜார் இல்ல பெரிம்மா. நீங்க எல்லாம் வருவீங்கன்னுதான் நான் இந்த வீட்டையே கேட்டேன்."

அவர் கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். "இன்னா சொல்ற?"

"எங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னேன்.

"அத்த அன்னைக்கே சொல்றதுக்கு இன்னாடி?" என்றார். 'பாப்பா' போய் 'டி' வந்திருந்தது. "உம்முன்னு நின்னுக்கினு இருந்த?"

"பாய்தான் பேசக்கூடாதுன்னார்."

பெரிம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்கியதும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பூ வச்சிக் கேட்டாச்சி பாப்பா" என்றார் பிறகு. "செவப்பு வந்தா இங்க, வெள்ள வந்தா அங்கன்னு பொட்டலம் போட்டோம். வெள்ளதான் வந்துது. அவ சரின்னுட்டா. மூணு வூட்டு ஆம்பளைங்களும் ஒத்துக்கினு வந்து நின்னதே பெருசு. இப்போ போயி, இல்ல இங்கியே இருன்னா, இன்னா வெளையாடறீங்களான்னு கேக்க மாட்டாளா?"

அந்தப் பூவில் கை வைக்க எனக்கு எந்த வழியும் இல்லை. வீடு வேண்டாம் என்று எழுந்து போகவும் முடியவில்லை. என் முகத்துக்காகத்தானே தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவளைக் கிளப்பியிருக்கிறார்கள்.

பூவாடைக்காரியைக் கூட்டிப் போகிற நாளில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், போனேன். நான் நினைத்துப் பார்த்த கூட்டம் அப்படியே வந்திருந்தது. முற்றமெல்லாம் செருப்பு. கூடத்தில் பெண்கள் கொழுக்கட்டை பிடித்தார்கள், எனக்கும் மாவு கொடுத்தார்கள். நான் பிடித்தது நிற்காமல் உட்கார்ந்துவிட்டது. "எஞ்சினியர் அம்மா கொழுக்கட்டக்கி பேஸ்மட்டம் சரியில்ல" என்று ஒரு பெண் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பம்பை அடித்தார்கள். கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சேந்தி, கழுத்தில் பூச்சுற்றி, கிணற்றடி மண்ணை ஒரு பிடி மஞ்சள் துணியில் முடிந்தார்கள். "புது எடத்துக்குப் போவலாம் வா தாயே" என்று பெரிம்மாவின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஒரு கிழவர் என்னைக் காட்டி, "இது யாரு, எந்த வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். "வூடு வாங்கறவங்க" என்றார் யாரோ. கிழவர் மரியாதையாகத் தள்ளி நின்று எனக்கு வழிவிட்டார்.

குடத்தை வேனில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போனார்கள். ஒரு நிமிஷத்தில் வீடு காலியாகிவிட்டது. பாய் பின்கட்டு வரைக்கும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "இப்போ சொல்லு, இன்னா கொற?" என்றார், பெருமையாக.

அவரிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "எனக்கு இன்னாமா தெரியும்?" என்றார் கடைசியில். "எங்க வூட்ல பதினாலு பேரு. ஒரு நாளு ஒருத்தரும் வராம இருக்க மாட்டாங்களான்னு நான் அல்லாவக் கேட்டுக்கினு கீறன்." தரகுப் பேச்சு வந்தபோது பிறகு பார்த்துக்கலாம் என்று நகர்ந்துவிட்டார்.

குடி வந்துவிட்டேன். கிணற்று வீட்டைப் பற்றி ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அங்கே கூட்டமாகவே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. குக்கர் விசில் அடித்தாலும், போனில் நான் "ஹலோ" என்றாலும், கிணறு அதை வாங்கி ஒருமுறை திருப்பிச் சொல்லும். ஆன்லைன் மீட்டிங்கில் ஒருத்தர், "உங்ககூட யாராவது இருக்காங்களா, எக்கோ வருது" என்றார். மைக்கை அணைத்துவிட்டேன்.

தை பிறந்ததும் ஒருநாள் பெரிம்மாவிடமிருந்து போன். மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள்.

"பத்திரிக வைக்க வரணும். வூட்ல கீறியா பாப்பா? எப்போ வந்தா ஒனக்குத் தோதுப்படும்?"

எப்போ வந்தாலும் சரிதான் பெரிம்மா என்றேன். இல்லை, நீ வேலையில் இருப்பாய், நேரம் சொல்லு, அதற்கேற்ற மாதிரி வருகிறோம் என்றார். நேரம் சொன்னேன். அந்த நேரத்துக்கு வந்தார்கள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். பெரிம்மா கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பின்கட்டுக்குப் போனார்.

ராஜகுளத்தில் பூவாடை அழைக்கிற அன்றைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். புது வீட்டில் கிணறு கிடையாது. வாசலில் தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி, சம்ப்தான், இரும்பு மூடி போட்டது. முன்பு கொண்டுபோன மண்ணையும் தண்ணீரையும் அதில்தான் சேர்த்திருந்தார்கள். மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பம்பைக்காரர்கள் அதன் முன்னால் நின்று அடிக்க ஆரம்பித்தார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் வரக்கூடாது என்று நான் நினைத்தேன். எத்தனை அடித்தாலும் வரக்கூடாது. பம்பைக்காரர் வியர்த்துப் போய் நிறுத்த வேண்டும், ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டும், பெரிம்மா திரும்பி, "அவ இங்க வரமாட்டா, எல்லாரும் மானாம்பதிக்குக் கெளம்புங்க" என்று சொல்ல வேண்டும். சாவியை நான் கையிலேயேதான் வைத்திருந்தேன்.

வந்துவிட்டாள். பம்பை சூடு பிடிக்கக்கூட இல்லை, நடுக் கொழுந்தனாரின் மூத்த பெண் உடம்பை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

"புது எடம் புடிச்சிக் கீதா தாயே?" என்று கை கூப்பிக் கேட்டார் பெரிம்மாவின் வீட்டுக்காரர்.

"புடிச்சிக் கீது" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "காத்தோட்டமா கீது" என்றாள்.

எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். எவ்வளவு நாள் அந்தப் பயத்திலேயே இருந்திருப்பார்கள். பெரிம்மா வாய்விட்டு அழுதார். பக்கத்தில் இருந்த பெண் என் நெற்றியிலும் குங்குமத்தை வைத்துவிட்டுப் போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது பெரிம்மா பாயச வாளியோடு என் வரிசைக்கு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். பாரம் இறங்கிய முகம். குனிந்து எனக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே, "நீ சொல்லு, ஒனக்கு வூடு எப்டி கீது?" என்றார்.

"நல்லா கீது பெரிம்மா."

"கொற ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். கடைசி பஸ் போய்விடும் என்று நான் சீக்கிரம் சாப்பிட்டேன்.